பழைய பனங்கையில் ஒரு வில்: மரம் வாங்கிய கடையைப் பற்றி

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓட்டு வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் நிலை, கதவு, உத்திரம், பனங்கை (ஓட்டுக்கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டம்) ஆகியவற்றை வாங்கி விற்கும் பழைய மரக்கடைகள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், வில் செய்வதற்காக மட்டுமே கடந்த ஓராண்டில் மூன்று முறை மரம் வாங்கியிருக்கிறேன். கட்டிலுக்கும் மேசைக்கும் மரம் தேடுகிறவருக்கு இந்தக் கடை எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. வில்லுக்கு மரம் தேடுகிறவருக்கு எப்படி என்பதைச் சொல்கிறேன்.

முதல் முறை நான் தேக்குச் சட்டம் கேட்டுத்தான் போனேன். கடையில் இருந்த தேக்கு எல்லாம் கதவுக்கும் சன்னலுக்கும் அறுத்தவை. அறுத்த வாக்கில் மரத்தின் நார் சட்டத்தின் ஓரத்துக்கு ஓடி அறுபட்டிருந்தது. வில்லை இழுக்கும்போது எய்பவருக்கு எதிர்ப்புறம் உள்ள முதுகு நீள முயலும், அவரைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம் நெருக்குண்ணும். முதுகில் நார் அறுபட்ட இடம் இருந்தால் அங்கேதான் பிளவு தொடங்கும். இதைச் சொன்னதும் கடைக்காரர், "அப்போ உங்களுக்குப் பனங்கைதான் சரி, சார். அதுலதான் நாரு நுனி வரைக்கும் போகும்" என்று பின்கட்டுக்கு அழைத்துப் போனார். பழைய மரம் விற்கும் ஒருவர், விலை அதிகமான தேக்கைத் தள்ளிவைத்து, விலை குறைந்த பனையைக் காட்டியதை இந்தக் கடையின் முதல் சிறப்பாக நான் கருதுகிறேன்.

அவர் சொன்னது சரி. பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது. வைரம், அதாவது மரத்தின் கெட்டியான பகுதி, நடுவில் இல்லாமல் தோலை ஒட்டி வெளியே இருக்கிறது. உள்ளே போகப் போகச் சோறு, அதாவது மென்மையான உட்பகுதி. தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே காழ் (வைரம்) உடையவற்றைப் புல் என்றும் அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் பிரிப்பது இந்த வேறுபாட்டை வைத்துத்தான். பப்புவா நியூ கினியில் வில் செய்பவர்கள் கரும்பனை வகைகளைப் பயன்படுத்துவதும் இந்தப் புறவைரத்துக்காகவே. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்துவிட்டது. ஒரு வில்லுக்காக நிற்கும் பனையைச் சாய்க்க எனக்கும் மனம் வராது. ஐம்பது அறுபது ஆண்டுகள் கூரையில் கிடந்து காய்ந்த பனங்கையில் இனிச் சுருங்குவதற்கோ முறுக்குவதற்கோ ஒன்றும் மிச்சமில்லை.

இங்கே அடுக்கைப் பிரித்துப் பார்க்க அனுமதிக்கிறார்கள். நான் பதினைந்து கைகளுக்கு மேல் உருட்டிப் பார்த்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. கடைக்காரர் அரிவாளால் ஒரு கையின் மேல் ஒரு சாண் நீளத்துக்குச் சீவிக் காட்டினார். புகைக்கரி படிந்த மேற்பரப்புக்குக் கீழே, பழுப்பு நிறத்தில், எண்ணெய் வைத்து வாரிய தலைமயிர் போலக் கரிய நார்க்கோடுகள் நெருங்கி ஓடின. அடுக்களைக்கு மேல் கிடந்த கை என்றும், புகை ஏறியதால் உளுக்கவில்லை என்றும் சொன்னார். பக்கத்தில் கிடந்த மற்றொரு கையில் கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தன; அதைத் தட்டினால் ஓசையும் மந்தமாக இருந்தது.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி ஆணித் துளை. ஓடு தாங்கும் ரீப்பர்களைக் கையின் மேல்தான் அடித்திருப்பார்கள். வைரப் பக்கத்தைக் கீழே வைத்துக் கூரை போட்ட கைகளில் ஆணி சோற்றுப் பக்கத்தில் இறங்கியிருக்கும். வில்லுக்கு வேண்டியவை அவையே. தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணியைக் கண்டுபிடிக்கக் காந்தம் கொண்டுபோவது நல்லது. முதல் முறை நான் கொண்டுபோகவில்லை. அந்த வில், நாண் ஏற்றிப் பாதி இழுப்பில் இருக்கும்போது வில்லின் மேல் பாதியின் நடுவில் முறிந்தது; முறிந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி ஒன்று வைரத்துக்குள் நின்றது.

இரண்டாம் முறை வாங்கிய எட்டடிக் கைதான் இப்போது வில்லாக இருக்கிறது. கடையில் அறுத்துத் தர மாட்டார்கள். ஆணிக்குப் பயந்து அருகில் உள்ள ரம்பப் பட்டறையும் மறுத்துவிட்டது. அதுவே நன்மையாயிற்று. ஆப்பு இறக்கிப் பிளந்தபோது பிளவு நாரின் போக்கிலேயே நேராக ஓடி, வைரப் பட்டை தனியாக வந்தது. பனையில் மணற்சத்து இருப்பதால் இழைப்புளியின் வாய் அடிக்கடி மழுங்குகிறது. சிராய் கையில் ஏறினால் எடுப்பது கடினம், ஆகவே தோலுறை இல்லாமல் தொடக் கூடாது. கனத்தை, அதாவது தடிமனை, குறைக்கும்போது மிகுந்த பொறுமை வேண்டும். அகலத்தை இரு மடங்காக்கினால் விறைப்பு இரு மடங்குதான் ஆகும். கனத்தை இரு மடங்காக்கினால் எட்டு மடங்காகும். பத்தில் ஒரு பங்கு கனம் போனாலே கால் பங்குக்கு மேல் விறைப்பு போய்விடும். ஆகவே கடைசி இரண்டு நாட்கள் இழைப்புளியைத் தொடாமல், உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி, சுவரில் மாட்டி இழுத்து, வில்லின் இரு பாதிகளும் ஒரே அளவாக வளைகின்றனவா என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். சிராய் எழாதிருக்க முதுகில் பருத்தித் துணியைப் பசையிட்டு ஒட்டினேன். நாண், மரவில்லுக்கு உகந்த டாக்ரான் என்னும் பாலியஸ்டர் நூல். வில்லின் நீளம் 70 அங்குலம். 26 அங்குலம் இழுக்கும்போது பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு 15.5 கிலோ காட்டுகிறது, அதாவது சுமார் 34 பவுண்டு. ஐந்நூறு அம்புகளுக்கு மேல் எய்த பிறகும், நாணைக் கழற்றினால் முக்கால் அங்குல வளைவு மட்டுமே நிலைத்திருக்கிறது. இந்த மரத்தின் தரத்துக்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. கைகளைச் செங்கல் கூட வைக்காமல் வெறுந்தரையில் அடுக்குகிறார்கள். அடி வரிசையில் முனைகளைக் கறையான் தின்றிருக்கிறது. அந்த முனையைக் கழித்து அளக்கச் சொன்னால் அளக்கிறார்கள், சொல்லாவிட்டால் முழு நீளத்துக்கும் விலை. மூன்றாம் முறை நேரில் போக முடியாமல், வைரம் நெருங்கிய கைகளாக நான்கு வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லி லாரியில் வரவழைத்தேன். வந்தவற்றில் இரண்டு சோற்றுப் பாங்கானவை, ஒன்றில் வைரப் பக்கம் முழுவதும் ஆணித் துளை. திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். வண்டிக் கூலியும் என் கையிலிருந்து போனது. நேரில் அவ்வளவு பொறுமையாகக் காட்டுகிற கடை, தொலைபேசியில் கேட்பவருக்குக் கைக்கு வந்ததை ஏற்றி அனுப்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

விலை அடிக்கு 70 ரூபாய். ஒரு கையில் ஒரு வில்தான் தேறும். ஆணி பிடுங்கி, கழுவித் துடைத்து நிறுத்தியிருக்கும் முன்வரிசைக் கைகளுக்கு அடிக்கு 20 ரூபாய் கூடுதல். அவற்றை விட்டுவிட்டு, கரி படிந்த பின்கட்டு அடுக்கைப் பிரிக்கச் சொல்லுங்கள். காலை நேரத்தில் சென்றால் பிரித்துப் போட ஆள் இருக்கும். மதியத்துக்குப் பிறகு கடைக்காரர் தனியாகவே இருக்கிறார்.