மலையகத்தில் கார் பூட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது?

வெளிநாட்டிலிருந்து இலங்கைக்குப் போய் மலையகத்தில் ஓட்ட வாடகைக்குக் கார் எடுக்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று. டயர், ஏசி, கீறல் எல்லாவற்றையும் அப்புறம் பார்க்கலாம், கையில் தருகிற ஸ்மார்ட் கீயை அங்கேயே பிரித்துப் பாருங்கள். அதற்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி செருகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதைத் தேடி எடுத்துக் கொடுக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். கண்டியில் எங்களுக்குக் கார் கொடுத்தவர் அது இல்லாமல்தான் கொடுத்திருந்தார். பிறகு ஃபோனில் கேட்டபோது, "அது தேவைப்படாது சேர், கிட்டப் போனாலே திறக்கும்" என்றார்.

திறக்கத்தான் செய்தது, கொட்டகலையில் சித்தப்பா வீட்டுக்குக் கீழே ஒரு குளிர் இரவு நிற்கும்வரை. காலையில் நுவரெலியாவுக்குப் புறப்படலாம் என்று போனால் கார் செத்துக் கிடக்கிறது. ரிமோட் வேலை செய்யவில்லை, கைப்பிடியைத் தொட்டாலும் ஒன்றுமில்லை, பின்கதவும் மின்சாரத்தில் இயங்குவது என்பதால் அதுவும் அசையவில்லை. கார் டொயோட்டா அக்வா, ஹைபிரிட். ஹைபிரிட்டில் பெரிய பெட்டரி ஒன்று இருந்தாலும் கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர், லைட் எல்லாம் சாதாரண 12 வோல்ட் பெட்டரியில்தான் ஓடுகின்றன. அந்தப் பெட்டரி கிழடு. அன்றைய குளிர் அதைக் கவிழ்த்துவிட்டது. இந்தக் காரில் அது பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பொனட்டைத் திறந்து ஜம்ப் கேபிள் போடலாமென்றால், பொனட் திறக்கிற நெம்பும் காருக்குள்ளேதான். ஆக, பெட்டரிக்குக் கரண்ட் கொடுக்கக் கதவைத் திறக்க வேண்டும், கதவைத் திறக்கக் கரண்ட் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் கம்பனிக்காரன் அந்தச் சின்னச் சாவியையும் டிரைவர் கதவில் ஒரு சாவித் துவாரத்தையும் வைத்திருக்கிறான். துவாரம் இருக்கிறது, சாவி கண்டியிலோ எங்கேயோ.

சேவைகள் என்று பார்த்தால், வாடகைக்காரர் இன்சூரன்சைக் கூப்பிடச் சொன்னார். இன்சூரன்ஸ்காரர்கள் மரியாதையாகவே பேசினார்கள், அக்சிடன்ட் நடந்திருந்தால் ஆள் அனுப்பலாம், கதவு திறக்கிற வேலை தங்களுடையது இல்லை என்றார்கள். கண்டியில் ஒருவர் வருவதாகச் சொல்லி, போகவரச் செலவைச் சொன்னதும் நாங்கள் ஃபோனை வைத்தோம். கண்ணாடியை உடைத்துவிடலாமா என்று என் மைத்துனர் கேட்டார். சித்தப்பா ஒரே பிடியாய் மறுத்தார்: "ஒடச்சா அந்தக் கண்ணாடிக்குப் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பணும், அதுவரைக்கும் மழைக்கு என்ன செய்வ?" அவர் சொல்வது சரி. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைக்காத ஸ்பெயார் பார்ட்ஸ் இல்லை. ஆனால் கொட்டகலையில் நிற்கிறவனுக்கு அது தூரம். மலையில் மழை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

கடைசியில் சித்தப்பாவே ஹட்டன் டவுனில் சாவி வெட்டுகிறவர் ஒருவரைக் கூப்பிட்டார். அவர் ஆட்டோவில் வந்து இறங்கியதும் பெட்டியைத் திறக்கவில்லை, "வண்டி யாரோடது?" என்று கேட்டார். வாடகை ஒப்பந்தம் காருக்குள். கண்ணாடி வழியாக அதன் ஒரு ஓரம் தெரிகிறது, பேர் தெரியவில்லை. சித்தப்பாவைப் பல வருடமாகத் தெரியும், ஆனாலும் வாடகைக்காரருக்கு ஃபோன் போட்டு, நம்பர் பிளேட்டை அவர் வாயால் சொல்லக் கேட்டபிறகுதான் கையை வைத்தார். இங்கே டொரொன்டோவில், ஸ்காபரோவில் ஒருமுறை நண்பரின் கார் பூட்டிக்கொண்டபோது வந்த ஆள் கிரெடிட் கார்டை மட்டும்தான் கேட்டான். இந்தப் பயணத்தில் நான் பார்த்த சேவைகளில் எனக்கு மதிப்பு வந்தது ஹட்டன்காரர் மீதுதான்.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். துணி சுற்றிய ஒரு மர ஆப்பைக் கதவின் மேல் மூலையில் செருகி மெதுவாகத் தட்டினார், கதவுச் சட்டத்துக்கும் பொடிக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாத இடைவெளி விழுந்தது. அதில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு ரப்பர்ப் பையைச் செருகி, பந்தை அமுக்கி அமுக்கி காற்றடித்தார். இடைவெளி கொஞ்சம் அகன்றது. பெயின்ட் உரசாமலிருக்க ரப்பர்க் குழாய் மாட்டிய நீளக் கம்பியை உள்ளே விட்டார், முனை கொக்கியாய் வளைந்திருந்தது. பூட்டு நெம்பில் மாட்டி வழுக்கியது, மறுபடி வழுக்கியது. "இதுல முன்கதவு உள்பிடிய இழுத்தாலே போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிடியில் மாட்டி இழுத்தார். கதவு திறந்துவிட்டது. ஒரு டீ குடிக்கிற நேரம் கூட ஆகவில்லை. பெட்டரி செத்திருந்ததால் அலாரமும் அலறவில்லை. பக்கத்து வீட்டு டொல்பின் வேனிலிருந்து ஜம்ப் கொடுத்ததும் கார் உயிர் பெற்றது.

3000 ரூபாய் கேட்டார். மைத்துனருக்கு மனசில்லை, இவ்வளவு சீக்கிரம் திறந்ததற்கா என்று முணுமுணுத்தார். சீக்கிரம் திறந்ததற்குத்தான் காசு. கீறல் விழாமல் திறக்கக் கற்றுக்கொள்ள அவருக்கு எத்தனை வருடமானதோ.

மைத்துனருக்கு அதைவிடப் பெரிய கவலை வந்துவிட்டது. இவ்வளவு லேசாகத் திறக்குமென்றால் பூட்டு எதற்கு? நியாயமான கேள்வி. கார் கதவுப் பூட்டின் உருளைக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி போனால் எல்லாத் தகடும் உருளையின் மட்டத்துக்கு வரும், உருளை திரும்பும். தேய்ந்த பூட்டுக்கு அந்த மட்டம் அவ்வளவு துல்லியமாக வேண்டியதில்லை. என் சித்தப்பா மகன் டிக்கோயாவில் ஆட்டோ ஓட்டுகிறான், அவனுடைய பழைய பஜாஜ் பக்கத்து ஆட்டோக்காரனின் சாவிக்கும் ஸ்டார்ட் ஆகும், சிரித்துக்கொண்டே செய்தும் காட்டினான். அதனால் சாவியை அவன் நம்புவதே இல்லை. எங்கே என்று நான் சொல்லமாட்டேன், ஒரு சுவிட்சை ஒளித்து வைத்திருக்கிறான், அதைத் தட்டாமல் எஞ்சினுக்குக் கரண்ட் போகாது. ராத்திரியில் பெட்ரோல் டெப்பையும் மூடிவிட்டு, முன்சில்லில் சங்கிலி போட்டுத் தூணோடு பூட்டிவிடுகிறான்.

அவன் கையால் செய்வதைத்தான் காரில் இமொபிலைசர் செய்கிறது. சாவிக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கும், அதற்குச் சொந்தமாகப் பெட்டரி தேவையில்லை, கார் அனுப்புகிற காந்த அலையிலேயே விழித்துப் பதில் சொல்லும். பதில் சரியில்லையென்றால் எஞ்சின் கம்ப்யூட்டர் வண்டியைக் கிளப்பாது. ஸ்மார்ட் கீயின் பெட்டரி தீர்ந்துவிட்டால் கீயை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிப் பிடிக்கச் சொல்வதும் இதனால்தான். பிரிட்டனில் 1998 அக்டோபரிலிருந்தும், கனடாவில் 2007 செப்டம்பரிலிருந்தும் புதுக் கார்களுக்கு இது கட்டாயம். எனவே ஹட்டன்காரர் திறந்தது கதவை மட்டும்தான். உள்ளே ஏறி உட்காரலாம், ஓட்டிக்கொண்டு போக முடியாது. கதவுப் பூட்டு சீட்டில் கிடக்கிற பையைக் காப்பாற்றும், அதுவும் அவசரக்காரனிடமிருந்து மட்டும். பாஸ்போர்ட்டைக் காரில் வைத்துவிட்டு அருவி பார்க்க இறங்குகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

அப்படியானால் இமொபிலைசர் பத்திரமா? இங்கே டொரொன்டோவில் இருந்துகொண்டு ஆம் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் தெருவிலேயே டிரைவ்வேயில் நின்ற கார் கண்ணாடி உடையாமல், சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கிறது. கிட்டப் போனாலே திறக்கிற வசதி இருக்கிறதே, வாடகைக்காரர் பெருமையாகச் சொன்னது, அதுதான் ஓட்டை. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கும், ஒருவன் வாசலருகே ஓர் அன்டெனாவோடு நிற்பான், இன்னொருவன் காரருகே நிற்பான், இருவரும் சேர்ந்து சாவிக்கும் காருக்கும் நடுவே அலையை நீட்டிவிடுவார்கள், கார் சாவி பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். சூரிச்சில் உள்ள ஆராய்ச்சியாளர்கள் 2011 இலேயே 8 கம்பனிகளின் 10 மாடல்களில் இதைச் செய்து பார்த்தார்கள், 10 உம் திறந்து ஸ்டார்ட்டும் ஆகின. இன்னொரு வழி இதைவிடக் கொடுமை. லண்டனில் கார்களின் கம்ப்யூட்டர் பாதுகாப்பையே ஆராய்கிற இயன் டேபர் என்பவரின் ராவ்4 காரை 2022 இல் திருடிக்கொண்டு போனார்கள், சாவியின் பக்கமே போகவில்லை. ஹெட்லைட்டைக் கழற்றி, அங்கே ஓடுகிற வயரில் ஒரு கருவியைக் கொளுவி, சாவி சரி என்று காருக்குப் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். இங்கே டொரொன்டோவில் 2024 இல் ஒரு பொலிஸ்காரர், திருடன் வீட்டுக்குள் புகுந்து அடிக்காமலிருக்கச் சாவியை வாசல் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள் என்று ஒரு கூட்டத்தில் ஆலோசனை சொல்ல, ஊரே சிரித்தது.

மலையகத்தில் இந்தக் கருவித் திருட்டைப் பற்றிப் பேசியவர்களை நான் சந்திக்கவில்லை. அங்கே தலைவலி வேறு, சாவி தொலைவது. ஜப்பானிலிருந்து பழையதாக வருகிற கார்களில் நிறையவற்றுக்கு ஒரே ஒரு ஸ்மார்ட் கீதான் கூட வரும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்த வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடியதில் சாவியும் உள்சாவியும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. கடைசி ஸ்மார்ட் கீயும் தொலைந்தால் ஹட்டனில் கதவு திறக்கும், கார் நகராது. சிப்பைப் பதிய வேண்டும், அதற்குக் கம்ப்யூட்டரும் ஆளும் கண்டியில், சில மாடல்களுக்குக் கொழும்பில். அதுவரை காரை லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணியிலிருந்து தனக்கு நிறைய அழைப்பு வரும் என்று சாவிக்காரர் சொன்னார். ராத்திரி முழுக்கப் படியேறி இறங்கி வருகிறவர்கள் சட்டைப்பையைத் தடவினால் சாவி இருக்காது, அது எந்தப் படியில் கிடக்கிறதோ. சாதாரணச் சாவி என்றால் அங்கேயே வெட்டிக் கொடுத்துவிடுவாராம், ஸ்மார்ட் கீ என்றால், "நான் கதவத் தொறந்து பெட்ஷீட் எடுத்துக் குடுக்கிறேன் சேர், மிச்சம் ஒங்க பாடு" என்பாராம்.

பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொண்டால் மட்டும் இந்த நிதானமெல்லாம் கூடாது. நுவரெலியாக் குளிரை நம்பி வெயிலில் நிற்கிற காரைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம், மூடிய கார் வெளியே குளிராக இருந்தாலும் உள்ளே சீக்கிரம் சூடாகும். பிள்ளைக்குத் தள்ளி இருக்கிற பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்து உடைத்துவிடுங்கள், முன்கண்ணாடியில் அடித்துக்கொண்டிருக்காதீர்கள், அது இரண்டு தட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் ஒட்டியது, லேசில் போகாது. 1990 இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ். இரண்டு நம்பரையும் ஃபோனில் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்வாவுக்குப் புதுப் பெட்டரி ஹட்டனில் கிடைக்கவில்லை. சீட்டுக்கு அடியில் இருப்பதால் அதன் வாயு வெளியே போக ஒரு குழாய் பொருத்தக்கூடிய வகைதான் வேண்டும், கண்டியிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தோம். கண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்துவிட்டு நமக்கு ஃபோன் பண்ணுவார்கள், பஸ் ஸ்டாண்டில் போய் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும், அந்த ஏற்பாடு எந்தக் கூரியரையும் தோற்கடிக்கும். வாடகைக்காரர் பெட்டரிக் காசைக் கணக்கில் கழித்தார், கதவு திறந்த 3000 ஐக் கழிக்கவில்லை, நாங்கள் கேட்டபோது உள்சாவி கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். அந்த ஒப்பந்தத்தை நான் முழுதாகப் படித்தேன், உண்மையிலேயே இல்லை.

சாவிக்காரரின் நம்பரைப் பொதுவில் போட அவர் விரும்பவில்லை. ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் காட்டுவார்கள். போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், ஆள் இருக்கமாட்டார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகும் சந்தேகம்.