சரக்கொன்றையா, குல்மொஹரா?

ஏப்ரல், மே மாத வெயிலில் ஊரே வாடிக் கிடக்கும்போது இந்த இரண்டு மரங்கள் மட்டும் பூத்துக் குலுங்குகின்றன. தெருவில் நின்று அண்ணாந்து பார்க்க எதைத் தேர்ந்தெடுப்பது?

தொலைவிலிருந்து பார்த்தால் குல்மொஹர்தான். குடைபோல் விரிந்த கிளைகள் முழுவதும் செந்தீ. மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். கீழே விழுந்த பூ ஒன்றை எடுத்துப் பாருங்கள்: ஐந்து இதழ்களில் நான்கு சிவப்பு, ஐந்தாவது மட்டும் சற்றுப் பெரிதாக, வெள்ளையும் மஞ்சளும் கலந்து, சிவப்புக் கீற்றுகளோடு இருக்கும். நிழலும் தாராளம். ஆனால் கிளைகள் எளிதில் முறியும், வேர் ஆழமாகப் போகாது. புயல் வீசும் ஊரில் வீட்டுச் சுவரை ஒட்டி இதை நடவே கூடாது.

சரக்கொன்றையை அருகே போய்த்தான் பார்க்க வேண்டும். இலை உதிர்ந்த கிளையிலிருந்து பொன்சரங்கள் ஒரு முழத்துக்குத் தொங்கும். சரத்தின் மேற்பகுதியில் மலர்ந்த பூக்கள், நுனியில் இன்னும் பச்சை மொட்டுகள். ஒவ்வொரு பூவிலும் நீண்ட மூன்று மகரந்தத் தாள்கள் மேல்நோக்கி வளைந்திருக்கும். கருவண்டு வந்து அமர்ந்தால் சரமே ஆடும். சிவனுக்குச் சூட்டிய பூ, விஷுக்கனியில் வைக்கும் பூ, தாய்லாந்தின் தேசிய மலர். நிழல் குறைவுதான்.

எனக்குக் கொன்றைதான். காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன், சரத்தின் ஊடே ஒளி புகும் அந்த நேரத்தில் பாருங்கள்.