ஆஃப்ரோடு முடிந்து ஸ்டீயரிங் இழுத்தால்: முதலில் அலைன்மென்ட் மெஷினா, ஜாக்கியா?

கல்லும் பள்ளமுமான பாதையில் வண்டியை விட்டு எடுத்துவிட்டுத் தார்ச்சாலையில் ஏறினால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, இல்லையென்றால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் மட்டும் சாய்ந்து நிற்கிறது. யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், "த்ரீ-டி அலைன்மென்ட் போட்டுடுங்க", அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைக் கணினி மெஷினில் அளந்து சரிசெய்வது. இன்னொரு கட்சி இருக்கிறது: முதலில் வண்டியைத் தூக்கி எது ஆடுகிறது என்று பார், அலைன்மென்ட் அப்புறம். நான் இந்த இரண்டாவது கட்சி. தேனிப் பக்கம் ஒரு எஸ்டேட் பாதையில் இறங்கி வந்தபிறகு என் மஹிந்திரா தார் வண்டியில் ஸ்டீயரிங் வலது பக்கம் சாய்ந்தது, கையை விட்டால் வண்டி இடது பக்கம் நகர்ந்தது. வழியில் டயர் கடையில் மெஷின் காலியாகத்தான் இருந்தது, அதைத் தாண்டி வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கக் குழி (பிட்) உள்ள ஒரு பட்டறைக்குத்தான் போனேன்.

எந்தக் கட்சியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியவை தெரிந்த விஷயங்கள்தான். ரிம்மின் உள்பக்கம் காய்ந்து ஒட்டிய சேற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், அறுபது எழுபது வேகத்தில் வரும் அதிர்வில் பாதி அதோடு போய்விடும். பாதைக்காகக் குறைத்த காற்றை நான்கிலும் சரியான அளவுக்கு ஏற்றுங்கள். நம் சாலைகள் இடது ஓரத்துக்குச் சரிந்தவை, லேசான இடது இழுப்பு எல்லா வண்டியிலும் இருக்கும், அதனால் சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டியபின் ஒரு சக்கரம் மட்டும் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்து இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில் (ஒரே திசையில் சுற்ற வேண்டிய டயராக இருந்தால் அதே பக்கத்தின் பின் டயரோடு மாற்றிப் பார்க்கலாம்).

இதற்கெல்லாம் அடங்கவில்லை என்றால்தான் மெஷினா ஜாக்கியா என்ற கேள்வியே வருகிறது.

மெஷினைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கேம்பர் (முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்த அளவு), காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு சாய்ந்த அளவு), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பிய அளவு) மூன்றையும் டிகிரியில் காட்டும், பின் ஆக்சில் நேராக நிற்கிறதா என்றும் சொல்லும், கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. பாசிட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் உச்சி வெளியே சாய்வது) அதிகமான பக்கம் வண்டி இழுக்கும், காஸ்டர் குறைந்த பக்கமும் இழுக்கும், ஆகவே இடது வலது அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆனால் தெருவோரக் கடைகள் பலவற்றில் நடப்பது வேறு. டோவை மட்டும் திருப்பி, திரை பச்சை ஆனதும் வண்டியை இறக்கிவிடுவார்கள்.

ஜாக்கி வழிக்கு வருவோம். தார் மாதிரி டபுள் விஷ்போன் வண்டியில் (முன் சக்கரம் ஒவ்வொன்றையும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கும் அமைப்பு) ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல் உட்காருவதால், ஜாக்கியை அந்த ஆர்முக்கு அடியில், முடிந்தவரை சக்கரத்துக்குப் பக்கத்தில் கொடுங்கள், அப்போதுதான் கீழ் பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) மேல் இருக்கும் பாரம் விலகி ஆட்டம் வெளியே வரும். கீழே ஸ்டாண்ட் வைக்காமல் யாரும் உள்ளே தலை நீட்ட வேண்டாம். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து அசையுங்கள். ஆடுகிறதா? ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். அடுத்து முன்னும் பின்னும் பிடித்து அசைத்தால் டை ராடு எண்டிலும் (ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) ரேக்கின் உள் முனையிலும் உள்ள ஆட்டம் தெரியும். இதில் ஒரு சந்தேகம் வந்தால் சக்கரம் தரையில் இருக்கும்போதே எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாக ஆட்ட, நீங்கள் ஜாயின்ட் மேல் விரலை வைத்துப் பாருங்கள், தேய்ந்த ஜாயின்ட் விரலிலேயே டக் டக் என்று சொல்லிவிடும்.

கையோடு கண்ணும் வேலை செய்ய வேண்டும். ஜாயின்ட்டை மூடும் பூட் ரப்பர் கிழிந்து கிரீஸ் வழிகிறதா, டை ராடில் புதிதாகப் பளபளக்கும் கீறல் இருக்கிறதா, லாக் நட்டுக்குப் பக்கத்தில் துருவில்லாத மரை எட்டிப் பார்க்கிறதா, ஆர்ம் போல்ட் நகர்ந்த தடம் தெரிகிறதா. பயணத்துக்கு முன்பே முக்கியமான போல்ட்கள் மேல் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால் இது ஒரு பார்வையில் முடிகிற வேலை. கூடவே டேப்பை எடுத்து முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள், சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். இரண்டாம் தலைமுறை தாரில் அது 2450 மி.மீ. கம்பெனி எண் முக்கியமில்லை, இடதும் வலதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருந்தால் ஆர்ம் வளைந்திருக்கலாம் அல்லது ஆக்சில் நகர்ந்திருக்கலாம்.

இப்போது நான் எதற்காகக் கட்சி கட்டுகிறேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன். அலைன்மென்ட் மேடையில் வண்டி சும்மா நிற்கிறது. சக்கரத்துக்கு அடியில் இருக்கும் தட்டு சுழலும், நகரும், ஆகவே ஜாயின்ட் மேல் இழுவிசையே இல்லை. தேய்ந்த டை ராடு எண்ட் அந்த நிமிடத்தில் எந்த இடத்தில் ஓய்ந்து நிற்கிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் மெஷின் டோவைக் கணக்கிடுகிறது. சாலையில் இறங்கியதும் உருளும் சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படும், ஜாயின்ட்டில் உள்ள ஆட்டம் அத்தனையும் ஒரு பக்கம் போய் உட்காரும், வைத்த டோ அங்கேயே மாறிவிடும். டோவுக்கு அனுமதிக்கும் தவறு பொதுவாக ஓரிரண்டு மில்லிமீட்டர்தான், கெட்டுப்போன ஜாயின்ட்டில் ஆட்டமே அவ்வளவு வரும். ஆடுகிற மேசை மேல் தராசை வைத்து எடை போட்ட கதைதான். மெஷின் பொய் சொல்லவில்லை, அதற்குக் காட்டப்பட்ட வண்டி வேறு, சாலையில் ஓடும் வண்டி வேறு.

இதைவிட மோசம், வளைந்த டை ராடு. பாறையில் இடித்து ராடு லேசாக வளைந்தால் அதன் நீளம் குறையும், டோ மாறும். அலைன்மென்ட் கடையில் மரையைத் திருப்பி நீளத்தைச் சரிக்கட்டினால் திரை பச்சை காட்டிவிடும், ஸ்டீயரிங்கும் நேராகிவிடும். எல்லாம் சரி என்றுதான் தோன்றும். ஆனால் வளைந்த ராடுக்குப் பழைய பலம் இல்லை, அடுத்த பள்ளத்தில் அங்கேயே மடங்கும், மடங்கும்போது மலையில் இருக்கிறோமா பைபாஸில் இருக்கிறோமா என்று அது பார்க்காது. அதைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்றாலும் வேண்டாம், மாற்றித்தான் ஆக வேண்டும். ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள், அதில் ரேக் நடுவில் இல்லாமல் போவதோடு ஸ்டீயரிங் கோணம் பார்க்கும் சென்சாரும் குழம்பும்.

செலவு என்று பார்த்தாலும் கணக்கு இந்தப் பக்கம்தான் சாய்கிறது. தாரின் 18 அங்குல டயர் ஒன்றே பத்தாயிரத்தைத் தாண்டும். டோ தப்பாக ஓடினால் டயர் முகப்பில் ரம்பப் பல் மாதிரி வரிகள் விழும், உள்ளங்கையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தடவினால் வழுக்கும், திருப்பித் தடவினால் குத்தும். கேம்பர் தப்பு என்றால் ஒரு ஓரம் மட்டும் தேயும். ஜாயின்ட்டை விட்டுவிட்டு அலைன்மென்ட் மட்டும் போட்டால் அந்தக் காசும் போய், கொஞ்சம் கொஞ்சமாக டயரும் போகும்.

முன்னாலும் ரிஜிட் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக இணைக்கும் ஒரே கட்டை அச்சு) உள்ள வண்டிகளில், அதாவது ஜிம்னி, பழைய ஜிப்ஸி, லீஃப் ஸ்பிரிங் ஜீப்களில், ஜாக்கிக்கு இன்னும் மதிப்பு கூடும் என்று நினைக்கிறேன், இதில் எனக்கு அனுபவம் நண்பர்கள் வண்டியோடு சரி. அங்கே சாதாரணமாகத் திருப்பிச் சரிசெய்யக் கூடியது டோ ஒன்றுதான், கேம்பரும் காஸ்டரும் ஆக்சிலோடு வந்தவை. குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் கைக்கடங்காமல் உதறும் அந்த வாப்ளிங் வந்தால், டயர் பேலன்ஸ் பார்த்தபின் கிங்பின் பேரிங் (சக்கரம் திரும்பும் அச்சின் பேரிங்), பான்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ், டை ராடு எண்ட், உதறலை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பர் இவற்றைத்தான் தேட வேண்டும். டாம்பரை மட்டும் புதிதாகப் போட்டால் உதறல் அடங்கும், காரணம் உள்ளேயே இருக்கும்.

ஜாக்கி தோற்கிற இடமும் உண்டு. எதுவுமே ஆடவில்லை, எதுவும் வளைந்ததாகத் தெரியவில்லை, இழுப்பு மட்டும் இருக்கிறது என்றால் மெஷினை விட்டால் வழியில்லை. நக்கிள் (சக்கரத்தைத் தாங்கி அதோடு திரும்பும் இரும்புத் துண்டு) வளைந்திருந்தால் கேம்பர் மாறும், ஸ்டீயரிங் அச்சின் சாய்வு மாறாது, இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். நக்கிள் வளைந்த வண்டி எதையும் நான் கூட இருந்து பார்த்ததில்லை, அதனால் இதில் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

என் வண்டியில் கடைசியில் கிடைத்தது இடது பக்க வெளி டை ராடு எண்ட், பூட் கிழிந்து உள்ளே மணல். அதை மாற்றிய பிறகுதான் மெஷினுக்கு ஏற்றினேன், சரிசெய்யும் முன் எடுத்த அளவும் பின் எடுத்த அளவும் இரண்டும் தாளில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு. இழுப்பு போய்விட்டது. காஸ்டரில் இடது வலது இடையே சின்ன வித்தியாசம் காட்டியது, கம்பெனி சொன்ன வரம்புக்குள் இருந்ததால் தொடவில்லை. புதிய லாக் நட் மேல் பெயின்ட் கோடு போட்டாயிற்று, அடுத்த சர்வீஸில் அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.