‘குண்டு’ என்று தட்டினால் என்ன கிடைக்கிறது? தமிழ்ப் பேரகராதியின் இணையப் பதிப்பு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, அதாவது பலரும் ‘லெக்சிகன்’ என்று சொல்வது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதித் தளத்தில் முழுதாகக் கிடைக்கிறது. காசு இல்லை. 1924 முதல் 1936 வரை வந்த ஆறு தொகுதிகளோடு பின்னால் சேர்த்த துணைத் தொகுதியும் உண்டு. செய்தி எழுதுபவர்களுக்கும் மொழிபெயர்ப்பவர்களுக்கும் இது எவ்வளவு உதவும் என்று அளக்க ‘குண்டு’ தோதான சொல். ஆயுதச் செய்தியில் தினமும் வருகிறது. அதே சொல் பூக்கடையிலும் பள்ளிக்கூடத்து மைதானத்திலும் அடுப்படியிலும் புழங்குகிறது.

தேடல் பெட்டியில் தமிழிலேயே தட்டலாம். முதலில் கவனிக்க வேண்டியது, ‘குண்டு’ ஒரே சொல்லாக வருவதில்லை. ஆழம், குழி என்று பொருள்படும் குண்டு ஒரு பதிவு. உருண்டை, துப்பாக்கிக் குண்டு என்று பொருள்படும் குண்டு வேறு பதிவு. பலர் முதலில் கண்ணில் படுவதைப் படித்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். கீழே வரை இறங்கிப் பார்த்தால்தான் இந்த அகராதியின் அருமை தெரியும்.

ஆழம் என்ற பொருள் எவ்வளவு பழையது என்பதற்குப் புறநானூற்றின் 21-ஆம் பாட்டு போதும். கானப்பேர் எயிலின் அகழியை ஐயூர் மூலங்கிழார் ‘நிலவரை இறந்த குண்டுகண் அகழி’ என்கிறார். மண்ணின் எல்லையையும் தாண்டிப் போகும் ஆழமான அகழி. கோட்டையும் போரும் உள்ள பாட்டுதான், ஆனால் அந்தக் குண்டு வெடிக்காது. இன்றைக்கு நாம் சாலையைத் திட்டும்போது சொல்கிற ‘குண்டும் குழியும்’ இந்தக் குண்டுதான். உருண்டைக் கற்கள் கிடக்கும் சாலை என்று இதை விளக்கி எழுதுபவர்கள் உண்டு. அது தவறு. பள்ளத்தைக் குறிக்கும் இரண்டு சொற்களை அடுக்கிச் சொல்கிறோம், அவ்வளவே. இந்த ஒரு தெளிவுக்காகவே லெக்சிகனைத் திறக்கலாம்.

உருண்டைக் குண்டின் குடும்பம் பெரியது. குண்டூசி, குண்டுமல்லி, கோலிக்குண்டு, குண்டு பல்பு, குண்டு மிளகாய், குண்டு குண்டான கையெழுத்து, உடம்பு குண்டு. ‘குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது’ என்பதில் வருவதும் இதுவே. விளையாட்டில் குண்டு எறிதல் என்றால் ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ எடையுள்ள உலோக உருண்டை. போராட்டக்காரர்களைக் ‘குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்றனர்’ என்று எழுதுகிறோமே, அது கையையும் காலையும் சேர்த்து உருண்டையாகக் கட்டுவதிலிருந்து வந்தது. வெடிக்கும் எதற்கும் அதில் தொடர்பில்லை.

தேடும்போது தவறுவது பெரும்பாலும் வேற்றுமை உருபால். ‘குண்டைத் தூக்கிப் போட்டார்’ என்பதற்குப் பொருள் வேண்டி ‘குண்டை’ என்று தட்டினால் எருது வந்து நிற்கும். குண்டை என்பது தனிச் சொல். அதனால் ஐ, ஆல் போன்ற உருபுகளையும் பன்மை விகுதியான ‘கள்’ளையும் கழற்றிவிட்டு மூலச் சொல்லை மட்டும் இட வேண்டும். தலைச்சொல்லில், அதாவது பதிவின் தொடக்கத்தில் நிற்கும் சொல்லில், கிடைக்காவிட்டால் முழுப் பதிவிலும் தேடும் வசதியைப் பயன்படுத்துங்கள். பொருள் விளக்கங்களுக்குள் ஒளிந்திருப்பது அப்போது அகப்படும். பதிவில் வரும் சுருக்கக் குறிகளையும் தாண்டிப் போகாதீர்கள். பேச்சு வழக்கு, வட்டார வழக்கு, யாழ்ப்பாண வழக்கு என்பதையெல்லாம் அவைதான் சொல்கின்றன.

‘குண்டர்’ இன்னொரு வழுக்குப் பாறை. தேவாரத்தில் சமணரை இகழும் சொல்லாக அது வருகிறது. 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டத்தை நாம் ‘குண்டர் சட்டம்’ என்பது ரவுடி என்று பொருள்படும், வடக்கிலிருந்து வந்த ‘குண்டா’வால். ‘குண்டாஸ்ல போட்டுட்டாங்க’ என்று தெருவில் சொல்வதும் அதைத்தான். ஒன்றை வைத்து மற்றதற்குப் பொருள் சொன்னால் பாட்டும் கெடும், செய்தியும் கெடும்.

இனி குறை. ஆயுதப் பொருளில் குண்டு என்ற பெயர்ச்சொல் தனியாக எதையும் உறுதி செய்வதில்லை, பக்கத்தில் நிற்கும் வினைதான் முடிவு செய்கிறது. குண்டு பாய்ந்தது என்றால் துப்பாக்கி. குண்டு வெடித்தது என்றால் வெடிகுண்டு. குண்டு விழுந்தது என்றால் மேலிருந்தோ தொலைவிலிருந்தோ வந்தது. குண்டடி பட்டார் என்றால் சுடப்பட்டவர். ‘குண்டைத் தூக்கிப் போட்டார்’ என்றால் ஆயுதமே இல்லை, தலையில் இடி விழுந்தாற்போல ஒரு செய்தியைச் சொன்னார். ‘தொழிற்சாலையில் குண்டு, இருவர் காயம்’ என்று வினையில்லாமல் தலைப்பு வைத்தால் சுட்டார்களா, வெடித்ததா என்று வாசகருக்குத் தெரியாது. இந்த வினைச் சேர்க்கைகளை லெக்சிகனில் வரிசையாக எதிர்பார்க்க முடியாது. 1930-களோடு முடிந்த நூல் என்பதால் அணுகுண்டுக்கும் அதில் இடமிருக்க வழியில்லை.

அந்த இடத்தில் க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி தேவை. 1992-இல் வந்து, 2008-இலும் 2020-இலும் விரிந்த நூல். பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருவதால் எந்த வினையோடு எந்தப் பொருள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இலங்கை வழக்கையும் குறித்துக் காட்டுகிறது. அங்கே துப்பாக்கிக் குண்டை ‘ரவை’ என்பார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் உப்புமா நினைவுக்கு வரும், செய்திக்குறிப்புகளில் ‘தோட்டா’ என்றே எழுதுவார்கள். இலங்கைச் செய்தியைத் திருத்துபவர் ‘ரவை’யைப் பிழை என்று அடித்துவிடக் கூடாது.

பழம்பாட்டுக்கும் சொல்லின் வேருக்கும் லெக்சிகன், நாளைக்கு அச்சேறும் வாக்கியத்துக்கு க்ரியா என்று வைத்துக்கொண்டால் வேலை ஓடும். லெக்சிகனின் இணையப் பதிவில் அச்சுப் பக்க எண்ணும் இருக்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் தளத்தின் முகவரியோடு அதையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. முகவரி மாறினாலும் அச்சு நூலில் தேடி எடுத்துவிடலாம்.