டேமேஜா, ஹார்மா, இஞ்சுரியா? மனு எழுதும் மேசையில் ஒரு பஞ்சாயத்து

"மை ஃபாதர் வாஸ் டேமேஜ்டு பை பைசன்."

போன மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து வந்த தம்பி, செல்போனில் தட்டிக்கொண்டு வந்த கடிதத்தின் முதல் வரி இது. அவருடைய அப்பாவைக் காட்டெருமை முட்டித் தள்ளியிருக்கிறது. தொடை எலும்பு முறிவு. போகிற போக்கில் கேரட் பாத்தி, கம்பி வேலி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. நான் ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் மேசை போட்டு மனு எழுதித் தருகிறவன்.

"தமிழ்லயே எழுதிக் குடுக்கலாமே தம்பி?"

"வனத்துறைக்குத் தமிழ்லதான் குடுத்துட்டனுங்கண்ணா. இது இன்சூரன்ஸுக்கு. அவங்க எல்லாமே இங்கிலீஷ் மெயில்லதான் கேக்கறாங்க."

"சரி. உங்கப்பா என்ன பிளாஸ்டிக் குடமா, டேமேஜ் ஆகறதுக்கு?"

சிரித்தார். "பாதிப்புக்கு இங்கிலீஷ்ல அதுதானுங்களே?"

சிக்கல் அங்கேதான். நம் இங்கிலீஷ் தப்பாவதற்கு முன்பே நம் தமிழ் சோம்பிப் போயிருக்கிறது. மழை பாதிப்பு, நோய் பாதிப்பு, பயிர் பாதிப்பு, மனப் பாதிப்பு, போக்குவரத்து பாதிப்பு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டு, அந்த மூட்டைக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் தேடினால் டேமேஜ்தான் வரும். மூட்டையை அவிழ்த்தால் உள்ளே சேதம், காயம், தீங்கு, நஷ்டம், பழுது, ஊறு என்று தனித்தனியாகக் கிடக்கின்றன. அவிழ்த்த பிறகு இங்கிலீஷ் அவ்வளவு கஷ்டமில்லை.

முதல் மோதல் டேமேஜுக்கும் இஞ்சுரிக்கும். வேலி, கூரை, வண்டி, குழாய் என்றால் டேமேஜ். ஆளுக்கும் மாட்டுக்கும் அடிபட்டால் இஞ்சுரி. அப்பா 'இஞ்சர்டு', வேலி 'டேமேஜ்டு'. விதிவிலக்கு, உடம்பின் உள்ளுறுப்பு: லிவர் டேமேஜ், நெர்வ் டேமேஜ் என்று டாக்டர்களே எழுதுவார்கள். ஆளை முழுசாகச் சொன்னால் இஞ்சுரி, உறுப்பைப் பிரித்துச் சொன்னால் டேமேஜும் வரலாம். பெயருக்கும் மானத்துக்கும் டேமேஜ் செல்லும். "அவன் இமேஜ் டோட்டல் டேமேஜ்" என்று பஸ் ஸ்டாண்டில் பையன்கள் பேசுவது, பார்க்கப்போனால், சரியான இங்கிலீஷ்தான்.

கத்தி, அரிவாள், துப்பாக்கி என்று ஆயுதம் கிழித்த காயமானால் இஞ்சுரியைவிட ஊண்ட் பொருத்தம். காட்டெருமைக் கொம்பு தோலைக் கிழித்திருந்தால் அந்தக் கிழிசலையும் ஊண்ட் எனலாம். எலும்பு முறிவை அப்படிச் சொல்ல முடியாது. இன்னொன்று, நம் மலையில் திரிவது பைசனே அல்ல, கௌர். வெள்ளைக்காரத் துரைமார் பைசன் என்று கூப்பிட்டார்கள், நாமும் பிடித்துக்கொண்டோம். அதை மட்டும் நான் திருத்தவில்லை. கௌர் என்று எழுதினால் இன்சூரன்ஸ்காரர் யாரோ ஒரு ஆள் என்று நினைத்துவிடுவார்.

டேமேஜில் பலரும் விழுகிற குழி பன்மை. டேமேஜ் எண்ண முடியாத சொல், தண்ணீர் மாதிரி. வேலி, குழாய், கூரை என்று மூன்று போயிருந்தாலும் மொத்தமும் டேமேஜ்தான், 'த்ரீ டேமேஜஸ்' கிடையாது. எஸ் சேர்த்தால் பொருளே மாறிவிடும்: டேமேஜஸ் என்றால் கோர்ட் வாங்கித் தரும் நஷ்டஈட்டுப் பணம். லாரியில் அனுப்பிய உருளைக்கிழங்கு மூட்டை நசுங்கியதற்கு ஒருவர் "டேமேஜஸ் வேண்டும்" என்று மெயில் போட்டார். அவர் சொல்ல வந்தது நசுங்கிய மூட்டைகளைப் பற்றி. பதில் வக்கீல் பாணியில் வந்தது.

வேற்றுமை உருபு விஷயத்தில் தமிழே கைகொடுக்கும். 'கூரைக்குச் சேதம்' என்போம், 'கூரையின் சேதம்' என்பதில்லை. அந்த 'கு'தான் இங்கிலீஷின் 'டு'. டேமேஜ் டு த ரூஃப். ஆஃப் போடாதீர்கள்.

ஆனால் தமிழ் காலை வாரும் இடமும் ஒன்று உண்டு: உயிர்ச்சேதம். பொருட்சேதம், உயிர்ச்சேதம் இரண்டிலும் நமக்குச் சேதம் ஒன்றே. இங்கிலீஷில் பொருளுக்குத்தான் டேமேஜ், உயிருக்கு லாஸ். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை 'லாஸ் ஆஃப் லைஃப்' என்று எழுத வேண்டும். 'லைஃப் டேமேஜ்' என்று எழுதினால், பிழைத்தவன் வாழ்க்கை சீரழிந்தது என்பதுபோல் ஆகும்.

லாஸ் வரும் இன்னொரு இடம் பயிர். மிதிபட்ட கேரட் பாத்தியைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் குராப் டேமேஜ். எத்தனை பங்கு கைக்கு வராமல் போனது என்று கணக்குப் போட்டால் குராப் லாஸ். பேரிடர் நிவாரண விதியில் பயிர் இழப்பு 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் உதவித்தொகை. முன்பு 50 சதவீதம் கேட்டார்கள், 2015-இல் குறைத்தார்கள். அதே விதியில் வீட்டுக்கு டேமேஜ்: முழுச் சேதம், பகுதிச் சேதம். எனக்கு இந்தப் பிரிவினை பிடித்திருக்கிறது. டேமேஜ் கண் சொல்வது, லாஸ் கணக்கு சொல்வது.

ஹார்ம் இவற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும். நம் 'தீங்கு' அதற்கு நெருக்கம். கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை, நாளைக்கு வரப்போவதாகவும் இருக்கலாம். குழந்தைக்கு, காட்டுக்கு, ஓடைத் தண்ணீருக்கு ஹார்ம் வரும், வேலிக்கு வராது. வேலியை யாரும் 'ஹார்ம்' பண்ண முடியாது, உடைக்கத்தான் முடியும். இதற்கும் 'எ' சேர்ப்பதில்லை. டேமேஜ் 'காஸ்' பண்ணும். ஹார்மைப் பேச்சில் 'டூ' பண்ணுவார்கள். "கேட்டா என்ன தப்பு?" என்பதற்கு "நோ ஹார்ம் இன் ஆஸ்கிங்" அழகான இணை. அங்கே டேமேஜைப் போட்டால் சிரிப்பார்கள்.

தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் ஹார்ம்லெஸ் என்ற சொல்லோடு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பூச்சிமருந்து டப்பாவில் நிற முக்கோணம் பார்த்திருப்பீர்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் பாய்சன் என்றிருக்கும், நீலத்தில் டேஞ்சர், பச்சையில் காஷன். பச்சையைப் பார்த்துவிட்டு "ஹார்ம்லெஸ்தானே" என்று கையுறை இல்லாமல் கலக்குகிறவர்கள் உண்டு. காஷன் என்றால் எச்சரிக்கை. தீங்கே இல்லை என்றல்ல. எந்தச் சொல்லை அச்சடிப்பது என்பதை எழுதுகிறவர் மனசு முடிவு செய்வதில்லை, நச்சின் அளவு முடிவு செய்கிறது.

தோட்டத்துக்கே உரிய சொல் பிளைட். தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோய் இங்கிலீஷில் பிளிஸ்டர் பிளைட். தென்னிந்தியாவுக்கு 1946-இல் வந்தது. அதை உண்டாக்கும் பூஞ்சைக்குப் பெயர் எக்ஸோபசிடியம் வெக்சன்ஸ். வெக்சன்ஸ் என்றால் லத்தீனில் தொல்லை தருவது. காபி இலைத் துரு நோயின் பூஞ்சை ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ், அதாவது பாழாக்குகிறவள். உருளைக்கிழங்கைக் கருக்குகிற பைட்டோப்தோராவுக்குப் 'பயிர் அழிப்பான்' என்றே பொருள். தொல்லை, பாழ், அழிவு என்று மூன்று நோய்க்கு மூன்று அளவில் பெயர் வைத்திருக்கிறார்கள். நாமோ மூன்றையும் 'நோய் பாதிப்பு' என்று முடித்துவிடுகிறோம். உறைபனியில் தேயிலை கருகினால் அதை பிளைட் என்று எழுதக்கூடாது. பிளைட் நோய், உறைபனியால் வருவது ஸ்கார்ச்.

சட்டத்துக்குள் போனால் இந்தச் சொற்களெல்லாம் வேறு சட்டை மாட்டிக்கொள்ளும். பேச்சில் ஹர்ட் லேசானது. "மை லெக் ஹர்ட்ஸ்" என்றால் கால் வலிக்கிறது, "ஹர்ட் ஆயிட்டேன்" என்றால் மனசு நொந்தது. சட்டத்தில் ஒருவர் இன்னொருவருக்கு உண்டாக்கும் உடல் வலியே ஹர்ட். எலும்போ பல்லோ முறிந்தால் கிரீவியஸ் ஹர்ட், கொடுங்காயம். பழைய தண்டனைச் சட்டம் 20 நாள் கடும் வலியில் கிடந்தால் கொடுங்காயம் என்றது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா அதை 15 நாளாக்கியிருக்கிறது. இஞ்சுரியோ அங்கே உடம்போடு நிற்பதில்லை: உடல், மனம், பெயர், சொத்து எதற்குச் சட்டவிரோதமாகத் தீங்கு செய்தாலும் இஞ்சுரிதான். லத்தீன் மூலத்தில் அதற்கு அநீதி என்று பொருள் என்பதால் ஆச்சரியமில்லை. மிஸ்சீஃப் இன்னும் வேடிக்கை. வீட்டில் பேரனின் குறும்பு. சட்டத்தில் அடுத்தவர் சொத்தை வேண்டுமென்றே சேதப்படுத்தும் குற்றம். காட்டெருமை மேல் இதில் எந்தப் பிரிவும் பாயாது.

டெட்ரிமென்டை நான் எழுதுவதில்லை. ஹார்ம் போதுமான இடத்தில் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு வரும் சொல் அது. இம்பேர்மென்ட் வேண்டியதுதான், ஆனால் பார்வை, காது கேட்பது, நடை மாதிரி ஒரு செயல்பாடு குறைந்துபோனால் மட்டும்.

தப்பான சொல்லே ஊர்ப் பெயராக நிலைத்துவிட்ட கதையும் நம் மலையில் இருக்கிறது. 1823 வாக்கில் நடந்த பெரிய மண்சரிவை வைத்து அவலாஞ்சி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இங்கிலீஷில் அவலாஞ்ச் என்றால் பொதுவாகப் பனிச்சரிவு. பனிமலையே இல்லாத இடத்தில் அந்தப் பெயர். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த அதே அவலாஞ்சிதான்.

தம்பியின் கடிதத்துக்கு வருகிறேன். இப்படித் திருத்தினேன்: அப்பா 'சஸ்டெயின்டு அ ஃபிராக்சர்'. இஞ்சுரி என்று எழுதுவதைவிட, எது முறிந்தது என்று எழுதுவது இன்னும் துல்லியம். வேலிக்கும் குழாய்க்கும் டேமேஜ். கேரட்டுக்கு லாஸ், எத்தனை கிலோ என்ற கணக்கோடு. நான்கு வரியில் முடிந்தது.

படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்பா இப்பெல்லாம் இருட்டுனா வாசலுக்கே வர்றதில்லீங்கண்ணா. அதுக்கு என்ன போடறது?"

ட்ரௌமா (நாடகம் என்ற டிராமா அல்ல) என்று சொல்ல வாயெடுத்தேன். அது ஆஸ்பத்திரி வாசலில் அடிபட்ட உடம்பைக் குறிக்கும், வெளியே அதிர்ந்த மனசைக் குறிக்கும். கிரேக்கத்தில் அதற்கு வெறும் காயம் என்றுதான் பொருள். படிவத்தில் அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை. கடைசியில், இருட்டிய பிறகு வெளியே வர அவர் பயப்படுகிறார் என்று சாதாரண இங்கிலீஷில் ஐந்தாவது வரியாக எழுதிச் சேர்த்தேன்.