முத்திரையா, பழைய தபாலட்டையா?

பழைய பொருள் எதையாவது சேர்க்க வேண்டும், அதில் கொஞ்சம் விற்று அந்தக் காசிலேயே இன்னும் கொஞ்சம் வாங்க வேண்டும் என்று கொழும்பில் இருந்துகொண்டு யோசிப்பவருக்கு முதலில் நினைவு வருவது முத்திரைதான். பாடசாலைக் காலத்து அல்பம் ஒன்று எப்படியும் வீட்டு அலுமாரியில் கிடக்கும். அடுத்ததாக இப்போது பலரும் விசாரிப்பது சிலோன் காலத்துப் படத் தபாலட்டைகளை. இரண்டையும் பல வருடங்களாகச் சேர்த்தும் விற்றும் வருகிறேன். இன்று என் பணத்திலும் நேரத்திலும் முக்கால்வாசி அட்டைக்குத்தான் போகிறது. கொழும்பில் இருப்பவருக்கு அதுதான் பொருந்தும் என்பது என் முடிவு.

முத்திரையின் வசதிகளை எல்லோரும் அறிவார்கள். இடம் பிடிக்காது, சிறு தொகையில் தொடங்கலாம், புதிய வெளியீடுகளை டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையில் தபால் தலைமையகத்திலேயே வாங்கலாம். இலங்கையின் முதல் முத்திரை 1857இல் வந்தது. அன்றிலிருந்து வந்தவற்றுக்கு லண்டன் முத்திரை நிறுவனமான ஸ்டான்லி கிப்பன்ஸ் வெளியிடும் பட்டியலில் இலக்கம் உண்டு. இலக்கத்தைச் சொன்னால் லண்டனில் இருப்பவருக்கும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று விளங்கிவிடும். தபாலட்டைக்கு அப்படி ஒரு முழுமையான பட்டியல் கிடையாது. பிளாட்டே, ஸ்கீன், கொழும்பு அப்போதிக்கரிஸ், லண்டன் ரஃபேல் டக் என்று வெளியிட்டவர்கள் பலர், பெரும்பாலான அட்டைகளில் வருடமும் இருக்காது. பின்பக்கத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். முகவரிக்கு மட்டும் இடம் விட்டு நடுக்கோடு இல்லாமல் இருந்தால் பழையது. முகவரிப் பக்கத்திலேயே நடுக்கோடு போட்டுச் செய்தியும் எழுத பிரித்தானியா 1902இல் அனுமதித்தது, மற்ற நாடுகள் அடுத்த சில வருடங்களில் பின்தொடர்ந்தன. புதிதாக வருபவருக்கு இது சிரமம்தான். எனக்கோ அந்தத் தேடல்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசி.

சரி, முடிவைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அது கொழும்பின் புழுக்கம்.

பயன்படுத்தாத முத்திரையின் பெறுமதியில் பெரும்பங்கு அதன் முதுகில் இருக்கிறது. பசை வந்தபடியே, கறை படாமல் இருக்க வேண்டும். 1938இல் தொடங்கிய ஆறாம் ஜோர்ஜ் வரிசையில் கொழும்புத் துறைமுகம் போட்ட 6 சத முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் நீலம் அப்படியே பளிச்சென்று இருக்கும். திருப்பினால் பசை முழுக்கத் தேயிலைச் சாயம் தெறித்த மாதிரிப் பழுப்புப் புள்ளிகள். அந்தக் கறை கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லோரங்களில் முன்பக்கத்துக்கும் ஏறிவிடும். வெள்ளவத்தையில் முத்திரை சேர்க்கும் பெரியவர் ஒருவர் எதைக் கொண்டுபோனாலும், "தம்பி, முன்பக்கம் கிடக்கட்டும், பின்பக்கத்தைக் காட்டும் பாப்பம்" என்றுதான் சொல்வார். வெளிநாட்டில் வாங்குபவரும் முதலில் கேட்பது பின்பக்கப் படத்தைத்தான். கறை தெரிந்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும், இல்லாவிட்டால் விலை தரைக்கு வந்துவிடும்.

கறை மட்டும் இல்லை. மே மாதம் பருவமழை தொடங்கிவிட்டால் பசை காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். ஒரு கவரில் ஒன்றாக வைத்த முத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அல்பத் தாளோடும் ஒட்டும். பிறகு தண்ணீரில் ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும், பசை போய்விடும், பெறுமதியும் அதோடு போய்விடும். ஏசி அறை இருக்கிறதே என்பார்கள். இரவில் போட்டுப் பகலில் நிறுத்தும் ஏசி, ஈரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். கமெராக்காரர் வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டி நல்ல தீர்வு. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலைக்கு ஒரு கட்டு நல்ல அட்டை வாங்கிவிடலாம், நாள் முழுக்க மின்சாரமும் கொடுக்க வேண்டும். பயன்படுத்திய முத்திரைக்கு இந்தத் தொல்லை குறைவுதான், ஆனால் சாதாரண ரகத்தில் அதற்குக் கிடைக்கும் விலையும் அப்படியே குறைவு.

அச்சடித்த தபாலட்டைக்குப் பசை இல்லை. தடித்த அட்டை என்பதால் ஓரளவு ஈரத்தைத் தாங்கும். ஒவ்வொன்றையும் பொலிப்ரொப்பிலீன் உறையில் போட்டு, பெட்டியில் நிமிர்த்தி, அதிகம் நெருக்காமல் வைக்கிறேன். பிவிசி உறை வேண்டாம், நாளாக ஆக அது கசிந்து அட்டையில் பிசுபிசுப்பை ஏற்றும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பக்கற்றுகள், அவ்வப்போது சூடாக்கி உலர்த்தித் திரும்பவும் போட வேண்டும். தரையோடு ஒட்டியும் வெளிச்சுவரோடு ஒட்டியும் பெட்டி வைக்கக் கூடாது. ஜனவரி, பெப்ரவரியில் காற்று கொஞ்சம் காய்ந்திருக்கும்போது எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரு பார்வை பார்ப்பேன். இராமபாணப் பூச்சி படத்தின் மேற்பரப்பைச் சுரண்டியிருந்தால் அப்போது பிடிபடும். பராமரிப்பு என்றால் இவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அச்சடிக்காமல் போட்டோத் தாளிலேயே கழுவி எடுத்த அட்டைகள் இருக்கின்றன. அவற்றின் ஜெலட்டின் பூச்சு புழுக்கத்தில் இளகி உறையோடு ஒட்டும், இருண்ட பகுதிகளில் வெள்ளி மினுக்கமும் வரும். அவற்றை முத்திரை போலவே கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். அச்சில் புள்ளிகளோ மணல்மணலான துகள்களோ தெரியும், போட்டோவில் அப்படி எதுவும் இராது. நோட்டுச் சரிபார்க்கும் ஊதா டோர்ச்சையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். 1950 வாக்கில்தான் தாளுக்கு வெளுப்பூட்டும் இரசாயனம் பரவலாக வந்தது. 1910ஆம் ஆண்டு அட்டை என்று சொல்லி விற்பது அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்ந்தால் அது பிற்காலத்து மறுபதிப்பு.

இனி விற்பனை. சாதாரண முத்திரைக்குப் பட்டியல் விலையில் ஒரு சிறு பங்குதான் கைக்கு வரும், ஒரே முத்திரையை ஆயிரம் பேர் விற்கிறார்கள். தபாலட்டையை வாங்க ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. கொழும்பில் 1899 முதல் 1960 வரை டிராம் ஓடியது. புறக்கோட்டைத் தெருவில் டிராம் வருகிற ஒரு அட்டைக்கு, நகரப் படம் சேர்ப்பவரும் கேட்பார், டிராம் படம் சேர்ப்பவரும் கேட்பார்.

எது மலிவு, எது அரிது என்பதற்கும் காரணம் உண்டு. ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே போன கப்பல்கள் நிலக்கரி ஏற்றக் கொழும்பில் நிற்கும். பயணிகள் கரையிறங்கிக் கறுவாத்தோட்டம், கல்கிசை ஹோட்டல், காலிமுகத்திடல் பார்ப்பார்கள், நேரமிருந்தால் கண்டிக்குப் போவார்கள். பார்த்த இடத்தின் அட்டையை வாங்கி அனுப்பினார்கள். ஆகவே அந்த இடங்களின் அட்டைகள் இன்றும் குவிந்து கிடக்கின்றன, அவற்றை வாங்கி வைத்து இலாபம் பார்க்க முடியாது. யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் அந்தப் பாதையில் இல்லை. கொழும்பிலேயே பக்கத் தெருக்கள், கடைகள், வேல் விழா போன்றவை குறைவு. அங்கேதான் பணத்தைப் போட வேண்டும். என்னிடம் செட்டியார் தெருக் கோயில் கோபுரம் உள்ள அட்டை ஒன்று இருக்கிறது. கோபுரத்தடியில் மாட்டுவண்டி, வண்டிக்கருகே தலைப்பாகையோடு ஒருவர் கமெராவை நேராகப் பார்த்து நிற்கிறார். அதை விற்கப்போவதில்லை. தோட்டத்துப் பெண்களையும் கூலியாட்களையும் பேரில்லாமல் 'தமிழர்' என்று மட்டும் தலைப்பிட்டு விற்ற அட்டைகள் ஏராளம். நம்மவர்கள் அவற்றைச் சேர்த்து, எந்தத் தோட்டம், எந்த ஊர் என்று தெரிந்ததைத் தனித் துண்டில் எழுதி உறைக்குள் வைக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

அட்டையின் குறை இதுதான்: அன்று அனுப்பியவை எல்லாம் வெளிநாட்டில் கிடக்கின்றன, டொலரிலோ பவுணிலோ கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவதுதான் ஒன்று அகப்படும். அதிலும் மூலையில் முத்திரை கிழித்தெடுத்த வடு இருக்கும். அந்தக் காலப் பிள்ளைகள் முத்திரைக்காக அட்டையைப் பலி கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் முத்திரையோடும் சீலோடும் முழு அட்டை இருந்தால் தயவுசெய்து ஊறவைக்க வேண்டாம். சீல் தெளிவாக இருந்தால் முத்திரை சேர்ப்பவரும் அட்டை சேர்ப்பவரும் விலை கேட்பார்கள்.

முத்திரை வெல்லும் இடமும் இருக்கிறது. 1859ஆம் ஆண்டின் 4 பென்ஸ் மங்கல் ரோசா நிற முத்திரை போன்ற உச்ச ரகங்களின் விலையைச் சிலோன் அட்டை எதுவும் நெருங்காது. அந்த மட்டத்தில் ஏலத்தில் வாங்கி விற்ற அனுபவம் எனக்கில்லை, அதனால் அதில் ஆலோசனை சொல்ல மாட்டேன். 1900இலிருந்து தியத்தலாவை முகாமில் இருந்த, தென்னாபிரிக்காவில் நடந்த போவர் போரில் பிடிபட்ட கைதிகளின் தபால்களும் அப்படித்தான். மதிப்பு உண்டு என்று தெரியும், போலியைப் பிரித்தறிய எனக்கு இன்னும் கண் பழகவில்லை.

அட்டை விற்கத் தொடங்குபவர் ஈபேயில் பத்துப் பன்னிரண்டு போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பியர் அதிகம் புழங்குவது சேகரிப்புப் பொருள் விற்கும் டெல்காம்ப் இணையத்தளம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்து போடுங்கள், மடிந்த மூலையை மறைக்காமல் எழுதுங்கள். இரண்டு தடித்த மட்டைகளுக்கு நடுவில் வைத்து, மழைக்காலமென்றால் மேலே ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சாதாரணத் தபால் மலிவு என்று நினைத்தால், போய்ச் சேரவில்லை என்று வாங்கியவர் சொல்லும்போது காட்ட உங்களிடம் ஒரு துண்டும் இருக்காது.