கடதாசி ஒட்டிய தோடா, கறுக்க வைத்த செம்புத் தோடா?

திருகோணமலையின் உப்புக்காற்றில் இரண்டும் பாடுபடும். முதல்முறை செய்பவருக்கு எங்கள் தெரிவு செம்பு: பிழை வந்தால் தேய்த்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

கடதாசிக்கு, மரத்துண்டில் வெள்ளை அக்ரிலிக் பூசி, கடதாசி நாப்கினின் அச்சுள்ள மேல் படலத்தை மட்டும் பிரித்தெடுங்கள். பசைக்கு 2 பங்கு பைண்டர் கம் (வெள்ளைப் பசை), 1 பங்கு தண்ணீர். படலத்தை மரத்தில் வைத்து, அதன்மேல் பசையை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள். தண்ணீர் கூடினால் கிழியும். ஈரம் காயுமுன் வார்னிஷ் அடித்தால் பால்போல வெளிறும்; மார்கழி மழையில் ஒரு முழுநாள் பொறுங்கள். கொக்கித் துளையின் உட்புறத்துக்கும் வார்னிஷ் அவசியம், வியர்வை அங்கேதான் நுழைகிறது.

செம்புக்கு அவித்த முட்டை போதும். தகட்டைச் சவர்க்காரத்தால் கழுவி, சூடாக நசுக்கிய முட்டையோடு, அதில் படாமல், டப்பாவில் மூடுங்கள். கந்தக வாயு சில மணிநேரத்தில் கறுக்க வைக்கும். விரல் பட்ட இடம் திட்டாகும். பித்தளையில் இது சரியாக எடுபடாது. மேடுகளை மெல்லிய கம்பிப் பஞ்சால் தேய்த்து மெழுகு பூசுங்கள்.